‘செகண்ட்’: பின்னால் வந்த ஒரு சொல்லின் வரலாறு

1786 ஜூன் 8. லண்டன் ஹைட் பார்க்கில், அதிகாலையிலேயே, நான்கு பேர் கூடினார்கள். இருவர் கையில் துப்பாக்கி. ஒருவர் மெக்கார்ட்னி பிரபு, சென்னையின் முன்னாள் கவர்னர். எதிரில் நின்றவர் ஜெனரல் ஜேம்ஸ் ஸ்டுவர்ட், சென்னைப் படையின் முன்னாள் தளபதி. ஸ்டுவர்ட்டுக்கு ஒரு கால் இல்லை. 1781-இல் காஞ்சிபுரம் பக்கத்துப் பொள்ளிலூரில் ஹைதர் அலியோடு நடந்த போரில் அது போயிற்று. இரண்டு ஆண்டு கழித்துக் கடலூர் முற்றுகை விவகாரத்தில் கவர்னருக்கும் தளபதிக்கும் முட்டிக்கொண்டது. கவர்னர் தளபதியைப் பதவியிலிருந்து நீக்கி, கைது செய்து, கப்பலேற்றிவிட்டார். அந்தக் கணக்கைத் தீர்க்கத்தான் இந்த அதிகாலைச் சந்திப்பு. ஒற்றைக் காலோடு நிற்க முடியாததால் ஜெனரலை ஒரு மரத்தில் சாய்த்து நிறுத்தினார்கள். கவர்னருக்கோ கிட்டப்பார்வை.

மற்ற இருவருக்கும்தான் அங்கே முழு வேலை. கவர்னர் பக்கம் கர்னல் புல்லார்ட்டன், ஜெனரல் பக்கம் கர்னல் கார்டன். பன்னிரண்டு தப்படி அளந்து இடம் குறித்ததும், ஆளுக்கொரு துப்பாக்கியைக் கையில் கொடுத்ததும், விலகி நின்று பார்த்ததும் அவர்கள். குண்டு பட்டுக் காயமடைந்தவர் மெக்கார்ட்னி. ஸ்டுவர்ட்டுக்கு அது போதவில்லை, இன்னொரு முறை சுட வேண்டும் என்றார். இதற்குமேல் நடக்காது என்று இரு கர்னல்களும் சொல்லிவிட்டார்கள். சண்டை அத்தோடு முடிந்தது. ஜெனரலே ஆனாலும் அந்த இடத்தில் அவர்கள் சொன்னதுதான் சட்டம்.

இந்தத் துணையாட்களுக்கு ஆங்கிலத்தில் ‘செகண்ட்’ என்று பெயர். டூயல் எனப்படும் ஒண்டிக்கு ஒண்டிச் சண்டையில் செகண்ட் இல்லாமல் பொதுவாக யாரும் களம் இறங்கியதில்லை. அயர்லாந்தின் குளோன்மெல் ஊரில் 1777-இல் கூடி வகுத்த டூயல் விதிகள் அடுத்த பல பத்தாண்டுகள் ஆங்கிலம் பேசும் நாடுகளில் செல்லுபடியாயின. அந்த 25 விதிகளில் செகண்டுகளுக்குக் கணிசமான பங்கு உண்டு. சண்டைக்கு முன் சமாதானம் பேசிப் பார்க்க வேண்டியது அவர்கள் கடமை. துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பதை ஒருவர் முன்னிலையில் மற்றவர் செய்ய வேண்டும். கடைசி விதிதான் வேடிக்கை. செகண்டுகளுக்குள்ளேயே தகராறு வந்து அவர்களும் சுட்டுக்கொள்ள முடிவு செய்தால், அதே நேரத்தில், முதல் ஜோடிக்குக் குறுக்குவாட்டில் நின்று சுட்டுக்கொள்ளலாமாம். நான்கு துப்பாக்கிகள், நான்கு திசைகள். சட்டம் எழுதியவர்கள் எதையும் விட்டுவைக்கவில்லை.

‘இரண்டாவது’ என்று எண்ணுவதற்கான ஒரு சொல், துணையாள், கடிகாரத்தின் துடிப்பு, கூட்டத்தில் வழிமொழிதல், மட்டரகச் சரக்கு, கை மாறிய பொருள் என்று இத்தனை வேலை பார்ப்பது எப்படி? ஆங்கிலத்தின் மற்ற வரிசை எண்கள் எதற்கும் இந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. தேர்டுக்கும் ஃபோர்த்துக்கும் சில்லறை வேலைகள்தான்.

இத்தனைக்கும் அது அந்த மொழியில் பிறந்த சொல்லே அல்ல. ஆங்கிலத்தில் முதலாவது தொடங்கி நூறாவது வரை எண்ணிப் பார்த்தால், வெளியிலிருந்து வந்த ஒரே அடிப்படைச் சொல் ‘செகண்ட்’தான். ‘ஃபர்ஸ்ட்’ என்பது முன்னால் இருப்பதைக் குறிக்கும் ‘ஃபோர்’ என்ற வேரிலிருந்து வந்த சொந்தச் சொல். ‘தேர்ட்’ பழைய ஆங்கிலத்தில் ‘த்ரிட்டா’வாக இருந்து, எழுத்து இடம் மாறி இன்றைய உருவத்துக்கு வந்தது. யார்க்‌ஷையர் மாவட்டத்தின் மூன்று பிரிவுகளுக்கு ‘ரைடிங்’ என்று பெயர் வந்ததும் அதன் வைக்கிங் ஒன்றுவிட்ட உறவில்தான். அது ‘மூன்றில் ஒரு பங்கு’ என்ற சொல்லின் தேய்ந்த வடிவம், குதிரைச் சவாரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விளைச்சலில் பத்தில் ஒன்றைத் தேவாலயத்துக்குக் கொடுக்கும் ‘டைத்’ வரியின் பெயரும் பழைய ஆங்கிலத்தின் ‘பத்தாவது’தான்.

அப்படியானால் இரண்டாவதற்குச் சொந்தச் சொல் இல்லாமலா போயிற்று? இருந்தது. ‘அதர்’ என்று இன்று ‘மற்ற’ என்ற பொருளில் வழங்கும் அதே சொல்தான் அன்று ‘இரண்டாவது’ம். முதலாவது, மற்றது, மூன்றாவது என்றுதான் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலேயர் எண்ணினார்கள். இரண்டு பேர் இருக்கும்வரை இதில் சிக்கல் வராது. பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது ‘மற்றவன்’ என்றால் யாரென்று சொல்வது? ஸ்காண்டிநேவிய மொழிகள் இந்தக் குழப்பத்தோடு இன்றும் நிம்மதியாகக் குடும்பம் நடத்துகின்றன. டேனிஷ் மொழியில் ‘ஆண்டன்’ என்பது இரண்டாவதும்தான், மற்றதும்தான். ஜெர்மன் மொழியோ இரண்டு என்ற எண்ணிலிருந்து புதிதாக ஒரு சொல்லை உருவாக்கிக்கொண்டது. ஆனால் அங்கும் ஒன்றரையைக் குறிக்கும் சொல்லுக்குள் பழைய ‘மற்ற’ ஒளிந்திருக்கிறது: ‘இரண்டாவது அரையாக இருப்பது’ என்பதே அதன் பிரிப்பு. ஆங்கிலத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பதற்கு ‘எவ்ரி அதர் டே’ என்கிறார்களே, அதில் எஞ்சியிருப்பதும் அந்தப் பழைய இரண்டாவதுதான்.

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபின் அரசவையும் நீதிமன்றமும் பிரெஞ்சு பேசின. சுமார் 1300-ஐ ஒட்டி ‘செகண்ட்’ ஆங்கிலத்தில் தலைகாட்டத் தொடங்கியது. குழப்பமில்லாத சொல், அதிகாரத்தில் இருந்தவர்களின் சொல். பழையது ஒதுங்கிக்கொண்டது. மொழிகள் கடன் வாங்கும்போது பெரும்பாலும் புதுப் பொருள்களின் பெயர்களைத்தான் வாங்கும். எண்ணும் வரிசையில் நடுவில் ஒரு கல்லை மட்டும் பெயர்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கல்லைப் பதிப்பது அபூர்வம்.

அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்குத் தாய் லத்தீனின் ‘செகுண்டுஸ்’. அதில் இரண்டு என்ற எண்ணே கிடையாது. பின்தொடர்வது என்ற வினையிலிருந்து பிறந்த பெயரடை அது. ‘அடுத்து வருவது’ என்பதே பொருள். ரோமானிய மாலுமிகள் கப்பலின் பின்னாலிருந்து தள்ளிக்கொடுக்கும் காற்றை அதே சொல்லால் அழைத்தார்கள். அதனால் ‘சாதகமான’ என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. இயற்கை வரலாறு எழுதி, வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது உயிரிழந்த பிளினியின் முழுப்பெயரிலும் ‘செகுண்டுஸ்’ உண்டு. பிரெஞ்சுக்காரர்களிடம் இன்று இரண்டாவதற்கு இரண்டு சொற்கள்: எண்ணிலிருந்து வந்த ‘தூசியெம்’, லத்தீனிலிருந்து வந்த ‘செகோன்’. மொத்தமே இரண்டுதான் என்றால் பின்னதைப் போட வேண்டும் என்பார்கள் இலக்கணத்தில் கறாரானவர்கள். இரண்டாம் உலகப் போரை ஒருவர் எந்தச் சொல்லால் எழுதுகிறார் என்பதைப் பார்த்து, மூன்றாவது வரும் என்று அவர் அஞ்சுகிறாரா என்று கேலி செய்வதும் உண்டு.

பின்தொடர்வது என்ற அந்த மூலப் பொருளை மனதில் வைத்துக்கொண்டால் டூயல் களத்துத் துணையாள் ஏன் செகண்ட் ஆனான் என்பது விளங்கிவிடும். குத்துச்சண்டை மேடையின் மூலையில் துண்டும் தண்ணீருமாக நிற்பவரும் செகண்ட்தான். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் சபைகளில் ஒருவர் கொண்டுவரும் தீர்மானத்தை இன்னொருவர் ஆதரித்து எழுவதற்கும் இதே சொல் வந்துவிட்டது. தனியொருவரின் பிடிவாதத்துக்காகச் சபையின் நேரம் வீணாகக் கூடாது, குறைந்தது இன்னொருவராவது அதை விவாதிக்கத் தக்கது என்று கருத வேண்டும் என்பது இதன் நியாயம். தமிழ்நாட்டில் சங்கப் பொதுக்குழுக்களில் ‘முன்மொழிகிறேன், வழிமொழிகிறேன்’ என்கிறார்கள். ‘வழி’ என்பதற்குப் ‘பின்’ என்ற பொருளும் தமிழில் உண்டாகையால், அந்த மொழிபெயர்ப்பு லத்தீன் வேர் வரை போய்த் தொட்டுவிடுகிறது. மொழிபெயர்த்தவர் யாரோ, கெட்டிக்காரர். அரசு ஊழியரை வேறு துறைக்குத் தற்காலிகமாக அனுப்பும் ‘செகண்ட்மெண்ட்’, பிரெஞ்சு ராணுவத்தின் வழக்கிலிருந்து பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துக்கொண்டது. அதில் அழுத்தம் சொல்லின் பின்பாதியில் விழ வேண்டும். தவறாக உச்சரித்தால் ஆங்கில அதிகாரிகள் முகம் சுளிப்பார்கள்.

அடுத்து வருவது என்றால் ஒரு படி குறைந்தது என்றும் ஆகும். ஷேக்ஸ்பியர் 1616-இல் எழுதிவைத்த உயிலில் மனைவிக்குத் தன் ‘இரண்டாவது சிறந்த கட்டிலை’ விட்டுப்போனார். வரிகளுக்கிடையில் பிற்பாடு நுழைத்த குறிப்பு அது. பெரிய வீடுகளில் முதல் தரக் கட்டில் விருந்தாளிக்கு, தம்பதியர் படுப்பது அடுத்ததில், ஆகவே இது பாசத்தின் அடையாளம் என்று ஒரு கட்சி. அவமதிப்பு என்று இன்னொரு கட்சி. இன்றுவரை வழக்கு முடியவில்லை. இங்கிலாந்தின் மாவு வியாபாரிகள் நைஸ் மாவுக்கு அடுத்த ரகத்தைச் ‘செகண்ட்ஸ்’ என்றார்கள். அந்தப் பெயர் மாவிலிருந்து பீங்கானுக்கும் துணிக்கும் பரவி, ஒரு தையல் பிசகி ஏற்றுமதியில் கழிக்கப்பட்ட பனியன்களோடு திருப்பூர் காதர்பேட்டை வரை வந்து சேர்ந்துவிட்டது. அங்கே ‘செகண்ட்ஸ்’ என்று கேட்டால் விளக்கம் தேவைப்படாது. அமெரிக்காவில் மட்டும் இந்தச் சொல் முதலாவதை ஒரு விஷயத்தில் முந்தியிருக்கிறது. நாட்டின் தெருப் பெயர்களைக் கணக்கெடுத்தபோது ‘செகண்ட் ஸ்ட்ரீட்’தான் ‘ஃபர்ஸ்ட் ஸ்ட்ரீட்’டைவிட அதிகம் என்று தெரிந்தது. பல ஊர்களில் முதல் தெருவுக்கு ‘மெயின் ஸ்ட்ரீட்’ என்று பெயர் வைத்துவிட்டதுதான் காரணம்.

இவை எல்லாவற்றையும்விட விசித்திரமான வேலை ஒன்று இந்தச் சொல்லுக்கு வானத்திலிருந்து வந்தது.

பாபிலோனியர்கள் அறுபதின் அடுக்குகளில் கணக்கிட்டார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இருந்த தாலமி, வட்டத்தின் 360 பாகைகளில் ஒவ்வொன்றையும் அறுபதாகப் பிரித்தார். அது முதல் அறுபதுப் பிரிவு. அதை மறுபடி அறுபதாகப் பிரித்தார். இரண்டாம் அறுபதுப் பிரிவு. கோள்களின் நிலையைக் குறிக்க இந்தப் பொடிப்பொடியான அளவுகள் தேவைப்பட்டன. அவருடைய நூல் அரபுக்குப் போனது. அரபு அறிஞர்கள் முதல் பிரிவை ‘தகீகா’ என்றார்கள், நுண்ணியது என்று பொருள். அடுத்ததை ‘ஸானியா’ என்றார்கள். இரண்டாவது என்பதற்கான அவர்களுடைய சாதாரணச் சொல். ஸ்பெயினின் டொலேடோ நகரில் 12-ஆம் நூற்றாண்டில் கிரெமோனா ஊர்க்காரர் ஜெரார்டு அந்த அரபு நூலை லத்தீனாக்கினார். லத்தீனில் இந்தப் பிரிவுகளுக்கு வழங்கிய பெயர்களைத் தமிழில் சொன்னால் ‘முதலாம் சிறு பகுதி’, ‘இரண்டாம் சிறு பகுதி’. நீளமான இந்தப் பெயர்களை வாய் சும்மா விடுமா? முதலாவதில் ‘சிறு’ என்பது மட்டும் நின்று ‘மினிட்’ ஆயிற்று. இரண்டாவதில் ‘சிறு’வும் போய், ‘பகுதி’யும் போய், ‘இரண்டாம்’ என்பது மட்டும் தங்கிவிட்டது. எதன் இரண்டாவது என்பது அந்தரத்தில் விட்ட கேள்வி. வரைபடத்தில் பாகைக்குப் பின் ஒரு கோடும் இரு கோடும் போடுகிறோமே, அந்தக் கோடுகளும் முதல், இரண்டாம் என்று எண்ணுபவைதான்.

இதுவரை எல்லாம் வட்டத்தின் கணக்கு. நேரத்தையும் இதே கத்தியால் அறுக்கலாம் என்று செய்துகாட்டியவர்களில் முக்கியமானவர் இந்தியாவைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய அல்-பிரூனி. சுமார் 1000-ஆம் ஆண்டில் அமாவாசைகள் நிகழும் நேரத்தை அவர் மணி, நிமிடம், செகண்ட் என்று குறித்தார். அதோடும் நிற்கவில்லை. செகண்டை அறுபதாக்கி ‘மூன்றாவது’, அதை அறுபதாக்கி ‘நான்காவது’ என்று போனார். 13-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத் துறவி ரோஜர் பேக்கனும் பௌர்ணமி நேரங்களை அப்படியே எழுதினார். ஒரு ‘நான்காவது’ என்பது செகண்டில் 3,600-இல் ஒரு பங்கு. அன்றைய கடிகாரங்களுக்கு நிமிட முள்ளே கிடையாது என்பதை நினைத்துப் பார்த்தால், அது முழுக்க முழுக்கக் காகிதத்தில் நடந்த துல்லியம் என்பது புரியும்.

இந்திய வானியலிலும் அறுபதின் ஆட்சிதான், வெட்டிய இடம் மட்டும் வேறு. அங்கே மணியை விட்டுவிட்டு நாளையே அறுபதாகப் பிரித்தார்கள். அந்த ஒரு பங்குதான் நாழிகை, 24 நிமிடம். நாழிகையில் அறுபதில் ஒன்று விநாடி. இன்று கடிகாரத்தின் செகண்டுக்குத் தமிழில் வினாடி என்று எழுதுகிறோம். பஞ்சாங்கத்து விநாடியோ 24 செகண்ட். திதி முடியும் நேரத்தை நாழிகை-விநாடியில் போட்டிருக்கும் பஞ்சாங்கத்தைக் கைபேசி நேரத்தோடு ஒப்பிடுபவர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

ஆங்கிலத்தில் இந்தப் பொருளில் செகண்டை எழுதிவைத்த தொடக்க காலத்தவர்களில் ஒருவர் கவிஞர் சாசர். 1391-ஐ ஒட்டி, பத்து வயதுப் பையன் லூயிஸுக்கு வானியல் கருவியான ஆஸ்ட்ரோலேபைப் பயன்படுத்தச் சொல்லித்தர அவர் ஒரு சிறு நூல் எழுதினார். பையனுக்கு லத்தீன் போதாது என்பதால் ஆங்கிலத்தில் எழுதினார். பாகைக்கு அறுபது மினிட், மினிட்டுக்கு அறுபது செகண்ட், அதற்குமேலும் முடிவில்லாமல் பிரித்துக்கொண்டே போகலாம் என்று விளக்கி, அதற்குச் சான்றாக அரபு ஜோதிட அறிஞர் அல்-கபீசியின் பெயரைச் சொல்கிறார். பாபிலோன், கிரேக்கம், அரபு, லத்தீன் எல்லாம் கடந்து வந்த கணக்கு ஒரு சின்னப் பையனுக்கான பாடத்தில் ஆங்கிலமாகிறது.

எண்ணுவதற்குச் சொல் கிடைத்தும் எண்ணிக் காட்டக் கருவி வருவதற்கு இன்னும் இருநூறு ஆண்டு ஆயிற்று. 1580-களில் ஜெர்மனியின் காசெல் நகரில் யோஸ்ட் பூர்கி செகண்ட் காட்டும் கடிகாரம் செய்தார். டென்மார்க்கின் டைக்கோ பிராஹேவிடமும் செகண்ட் முள்ளோடு கடிகாரங்கள் இருந்தன. அவை ஒன்றுக்கொன்று நான்கு செகண்ட் வரை முரண்படுகின்றன என்று 1587-இல் அவர் அலுத்துக்கொண்டார். உண்மையான மாற்றம் ஹாலந்தில் நடந்தது. 1656-இல் கிறிஸ்டியான் ஹைகென்ஸ் ஊசலைக் கடிகாரத்துக்குள் கொண்டுவந்தார். நாளுக்குக் கால் மணி நேரம் பிசகிக்கொண்டிருந்த கடிகாரங்கள் கால் நிமிடம் பிசகும் அளவுக்குத் திருந்தின. ஏறத்தாழ 99.4 சென்டிமீட்டர் நீள ஊசல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக ஒரு செகண்ட் எடுக்கும். தாத்தா காலத்து நெடுங்கடிகாரங்கள் ஆள் உயரம் இருப்பது இந்த ஊசலுக்கு இடம் வேண்டித்தான்.

பாரிஸில் சரிபார்த்த அப்படியொரு ஊசற்கடிகாரத்தோடு ஜான் ரிஷே 1672-இல் தென் அமெரிக்காவின் கயென் தீவுக்குப் போனார். அங்கே அது நாளுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஊசலை மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சுருக்கினால்தான் செகண்ட் சரியாக விழுந்தது. கருவியில் கோளாறு என்றுதான் முதலில் பலரும் நினைத்தார்கள். பூமத்திய ரேகைப் பக்கம் ஈர்ப்பு குறைவு, பூமி இடுப்பில் பருத்திருக்கிறது என்பதற்கு அதை நியூட்டன் சாட்சியாக எடுத்துக்கொண்டார். அதன்பின் உலகின் பல மூலைகளிலும் செகண்ட் ஊசலின் நீளத்தை அளப்பது ஒரு பெரும் வேட்டையாகவே ஆகிவிட்டது.

அந்த வேட்டையில் சென்னைக்கும் பங்குண்டு. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழும்பிய கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகத்தில், ராஜாஜி மண்டபத்தைக் கட்டிய அதே ஜான் கோல்டிங்ஹாம் வானியலாளராக இருந்தார். சென்னையில் செகண்ட் ஊசலின் நீளம் என்ன என்ற அவரது ஆய்வு 1822-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. அடுத்த ஆண்டு வந்த கட்டுரை இன்னும் சுவையானது. புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் நாள்தோறும் நேரம் அறிவிக்கப் பீரங்கி சுடுவார்கள். வானாய்வகத்தின் கூரையிலிருந்து பார்த்தால் முதலில் நெருப்பு மின்னும், பிறகு வெடிச்சத்தம் வரும். கோல்டிங்ஹாம் தம் உதவியாளர்களை இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தைத் துடிப்புத் துடிப்பாக எண்ண வைத்தார். பரங்கிமலை சுமார் 9 கிலோமீட்டர். சத்தம் வந்து சேர 26 செகண்ட் ஆகும். கோட்டை அதில் பாதிக்கும் குறைவு, 12 செகண்ட். ஒவ்வொரு வெடிக்கும் வெப்பமானி, காற்றழுத்தமானி, ஈரப்பத அளவு, காற்றின் திசை எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். மாதத்துக்கு மாதம் ஒலியின் வேகம் மாறுவது அந்தப் பட்டியலில் தெளிவாகத் தெரிந்தது. சென்னைக்காரர்கள் பீரங்கிச் சத்தத்தை வைத்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த நாட்களில், மொட்டை மாடியில் நின்ற ஒருவர் அதே சத்தத்தால் காற்றை அளந்துகொண்டிருந்தார்.

அறுபதின் ஆட்சியைக் கவிழ்க்கவும் ஒரு முயற்சி நடந்தது. பிரெஞ்சுப் புரட்சியாளர்கள் 1793-இல் நாளுக்குப் பத்து மணி, மணிக்கு நூறு நிமிடம், நிமிடத்துக்கு நூறு செகண்ட் என்று சட்டம் போட்டார்கள். நாளுக்கு 86,400-க்குப் பதில் ஒரு லட்சம் செகண்ட். புரட்சியின் செகண்ட் பழையதைவிடச் சற்றுக் குட்டை. மக்கள் யாரும் கடிகாரத்தை மாற்றவில்லை. 1795 ஏப்ரலில் சட்டமே கைவிடப்பட்டது. மீட்டரையும் கிலோவையும் ஏற்றுக்கொண்ட உலகம் நேரத்தில் மட்டும் பாபிலோனை விட மறுத்துவிட்டது. ஆனால் செகண்டுக்குக் கீழே புரட்சியாளர்கள்தான் ஜெயித்தார்கள். அல்-பிரூனியின் ‘மூன்றாவது’ம் ‘நான்காவது’ம் மறைந்து, பத்தில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று என்று தசமம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஓட்டப்பந்தயத்தில் யாரும் இன்று ‘ஒன்பது செகண்ட், முப்பத்தைந்து மூன்றாவது’ என்று சொல்வதில்லை.

20-ஆம் நூற்றாண்டின் நடுவில் செகண்டுக்கும் வானத்துக்கும் இருந்த உறவும் அறுந்தது. பூமி ஒரே சீராகச் சுழலவில்லை என்பது தெரிந்துவிட்டதால் நாளை 86,400-ஆல் வகுப்பது நம்பத் தகுந்ததாக இல்லை. 1955-இல் இங்கிலாந்தின் டெடிங்டனில் லூயி எஸ்ஸனும் ஜாக் பாரியும் சீசியம் அணுக் கடிகாரத்தை ஓடவிட்டார்கள். 1967-இல் உலக நாடுகள் கூடி, சீசியம்-133 அணுவின் ஒரு குறிப்பிட்ட கதிர்வீச்சு 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 முறை அதிரும் நேரமே ஒரு செகண்ட் என்று வரையறுத்தன. அந்த எண், பழைய வானியல் அட்டவணைகளின் செகண்டோடு ஒத்துப்போகும்படி தேர்ந்தெடுத்தது. அந்த அட்டவணைகளின் அடியில் இருந்தவை 18, 19-ஆம் நூற்றாண்டு அவதானிப்புகள். ஆகவே இன்றைய அணுச் செகண்ட், சுமார் 1820-இல் இருந்த நாளின் 86,400-இல் ஒரு பங்கு. கோல்டிங்ஹாம் நுங்கம்பாக்கத்தில் எண்ணியது கிட்டத்தட்ட அதே செகண்ட்தான்.

1983 முதல் மீட்டரின் நீளத்தைச் செகண்ட் தீர்மானிக்கிறது: ஒளி ஒரு செகண்டில் போகும் தூரத்தில் 29,97,92,458-இல் ஒரு பங்கு. 2019 முதல் கிலோகிராமும் அதன் பிடிக்குள் வந்துவிட்டது. அனைத்துலக அளவீட்டு முறையின் ஏழு அடிப்படை அலகுகளில், மோல் ஒன்று நீங்கலாக மற்ற ஐந்தின் வரையறையிலும் செகண்ட் இருக்கிறது.

பூமியோ 1820-இல் நிற்கவில்லை. நாள் சற்றே நீண்டுவிட்டது. அணுவின் கணக்கைச் சூரியனுக்கு இசைவாக வைத்திருக்க 1972 ஜூன் 30 அன்று முதல் ‘லீப் செகண்ட்’டைச் சேர்த்தார்கள். 2016 டிசம்பர் 31 வரை இப்படி 27 முறை. கடைசி முறை இந்தியாவில் புத்தாண்டுக் காலை 5 மணி 29 நிமிடத்துக்கு 61 செகண்டுகள் இருந்தன. கணினி வலையமைப்புகளுக்கு இது பெரும் தலைவலி. 2022-இல் கூடிய எடை அளவைப் பொதுமாநாடு, 2035-க்குள் இந்தச் செகண்ட் சேர்க்கும் வழக்கத்தைக் கைவிட முடிவு செய்தது. அப்படி விட்டுவிட்டால் கடிகாரம் சூரியனை விட்டு விலகும் என்று வருந்துபவர்கள் இருக்கிறார்கள். அந்த விலகல் ஒரு நிமிடம் ஆவதற்கே ஐம்பது முதல் நூறு ஆண்டு ஆகும் என்கிறார்கள் அளவையியலாளர்கள். மாநாட்டின் முடிவு சரியானதுதான். கோல்டிங்ஹாம் கணித்த தீர்க்கரேகைப்படி சென்னையின் நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 செகண்ட் முன்னால். 1906 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த இந்திய நேரமோ ஐந்தரை மணி. நூற்றுச் சொச்சம் ஆண்டாகச் சென்னைக் கடிகாரங்கள் தம் சூரியனுக்கு 8 நிமிடம் 46 செகண்ட் முந்தி ஓடுகின்றன. அதைப் பற்றி ஊரில் யாரும் புகார் சொன்னதில்லை.